எழுப்பாமல் விட்ட காலை

1

ஊரில் இருக்கும் தோழிகள் “அங்கத்திய வாழ்க்கையைப் பத்தி எழுது” என்று கேட்கும்போதெல்லாம் பனியைப் பற்றியும் ரொட்டியைப் பற்றியும் எழுதி அனுப்பியிருக்கிறேன். இந்த முறை தூக்கத்தைப் பற்றி எழுதுகிறேன். இரண்டு வாரத்துக்கு முன்னால் ஒரு திங்கட்கிழமை காலையில் எங்கள் வீட்டில் நடந்த சின்ன விஷயம் என்னைப் பதினெட்டு வருடம் பின்னால், ஓசூருக்குக் கொண்டுபோய் நிறுத்திவிட்டது.

தெற்கு ஜெர்மனியில் நாங்கள் இருப்பது சின்ன ஊர். காலை நாலரை மணிக்கு எங்கள் தெருவில் விளக்கு எரியும் சன்னல் எங்களுடையது ஒன்றுதான். நான் அலாரம் வைத்துக்கொள்வதில்லை. நான் பிறந்து வளர்ந்த சாமல்பட்டியில் எங்கள் வீட்டில் மாடுகள் உண்டு. பால் சொசைட்டி வண்டி ஐந்தரைக்கு வந்துவிடும் என்பதால் எங்கள் வீட்டில் யாரும் ஐந்து மணிக்கு மேல் தூங்கியதில்லை. பிறகு ஓசூரில் பதின்மூன்று வருடம், இங்கே வந்து ஏழு வருடம். உடம்பு மட்டும் இன்றைக்கும் அந்தப் பால் வண்டிக்கே எழுந்துகொள்கிறது.

மகள் அபிநயா அப்படியில்லை. ஆறு வயதில் இங்கே வந்தவள், இப்போது பதின்மூன்று. ராத்திரி பத்து மணிக்கு மேல்தான் அவளுக்கு முகத்தில் களை வரும். அப்போதுதான் படம் வரைவாள், தோழிகளோடு பேசுவாள், குளிர்பெட்டியைத் திறந்து பார்ப்பாள். காலையில் எழுப்பினால் அது வேறு ஒருத்தி. எனக்குக் கம்பெனியில் ஏழு மணி வேலை. ஆறேகாலுக்கு அவளை எழுப்பிவிட்டு ஆறரைக்குக் கிளம்ப வேண்டும். அந்தப் பதினைந்து நிமிடம்தான் எங்கள் வீட்டில் தினமும் சண்டை. கணவர் முருகேசனுக்கு ஒரு கிடங்கில் மதிய ஷிஃப்ட். அவர் போர்வையை இழுத்து மூடிக்கொண்டு சமாளித்துவிடுவார்.

பள்ளிக்கூடத்தில் பெற்றோரைக் கூப்பிட்டிருந்தார்கள். அபியின் வகுப்பாசிரியை சிரித்த முகமாக, “உங்கள் மகள் ஓர் ஆந்தை” என்றார். எனக்கு முகம் சுண்டிப்போனது. நம் பக்கம் ஆந்தை மாதிரி முழிக்கிறாள் என்றால் அது திட்டு. பக்கத்தில் உட்கார்ந்திருந்த அபி என் முகத்தைப் பார்த்துவிட்டுத் தமிழில் சொன்னாள்: “அம்மா, அவங்க திட்டல. இங்க ராத்திரி முழிச்சிருக்கறவங்கள ஆந்தைம்பாங்க. காலைல எழுந்துக்கறவங்க வானம்பாடி. நீ வானம்பாடி.” கொஞ்சம் நிறுத்தி, “திட்டற வானம்பாடி” என்றாள்.

இந்த மாதம் அவள் வகுப்புக்குச் சுற்றுலா. மலையடிவாரத்தில் ஏரிக்கரை விடுதி, ஐந்து நாள். ஒரு வருடமாக அதையேதான் பேசிக்கொண்டிருந்தாள். திங்கட்கிழமை காலை ஆறரைக்குப் பள்ளி வாசலில் பேருந்து. யாருக்காகவும் காத்திருக்காது, பேருந்தை விட்டவர்கள் அந்த வாரம் முழுக்க வேறு வகுப்பில் உட்கார வேண்டும் என்று பள்ளியிலிருந்து வந்த கடிதத்தில் தடித்த எழுத்தில் போட்டிருந்தார்கள்.

ஞாயிறு மாலை பெட்டியில் துணி அடுக்கும்போது சண்டை வந்தது. “சீக்கிரம் படு, அஞ்சரைக்கு எழுப்பறேன்” என்றேன். அவள் ஜெர்மனில் பதில் சொன்னாள். கோபம் வந்தால் அவள் ஜெர்மனுக்குப் போய்விடுவாள். நீ எழுப்ப வேண்டாம், நானே எழுந்துகொள்வேன், எனக்கு நீ தேவையில்லை. பிறகு தமிழில், “நீ எழுப்பறது எழுப்பறது இல்லம்மா. திட்டறது” என்றாள்.

“சரி. எழுப்பல” என்றேன்.

கோபத்தில் வந்த வார்த்தை இல்லை. நிதானமாகத்தான் சொன்னேன். ஒரு தடவை பேருந்தை விட்டால்தான் புத்தி வரும் என்று என்னோடு வேலை செய்யும் பெண்கள் வெகுநாளாகச் சொல்லிக்கொண்டிருந்தார்கள். அபி விளக்கை அணைக்கும்போது மணி என்னவென்று எனக்குத் தெரியாது. நான் ஒன்பதரைக்கே தூங்கிவிட்டிருந்தேன்.

2

டிப்ளமோ முடித்த கையோடு ஓசூர் வந்தேன். வண்டிகளுக்கு ஒயர்களைக் கட்டுகட்டாகச் சேர்த்துக் கொடுக்கும் ஒரு கம்பெனியில் ட்ரெய்னி வேலை. பாகலூர் ரோட்டுப் பக்கம் லைன் வீட்டில் ரூம். வரிசையாக எட்டு ரூம், கடைசியில் ஒரே குழாய். வீட்டுக்கார அம்மா எங்களிடம் தெலுங்கு கலந்த தமிழில் பேசுவார், கோபம் வந்தால் கன்னடத்துக்கு மாறிவிடுவார். அதனால் கன்னடத்தில் திட்டு வாங்கத்தான் நாங்கள் முதலில் கற்றுக்கொண்டோம்.

என் ரூமில் இன்னொருத்தி ஷாகிரா. குருபரப்பள்ளிக்காரி. அவள் அத்தா ஹைவே ஓரத்தில் டிபன் கடை வைத்திருந்தார். லாரிக்காரர்கள் பதினோரு மணிக்கு மேல்தான் சாப்பிட நிறுத்துவார்கள். “எங்க ஊட்ல விடியறதே ராத்திரி பதினோரு மணிக்குத்தான்டி” என்பாள். பள்ளிக்கூடப் பாடம் முழுக்கக் கல்லாப்பெட்டி பக்கத்தில், தோசைக்கல் சத்தத்தில் படித்தவள். பகலில் பாடம் மண்டையில் ஏறாது என்று சத்தியம் செய்வாள்.

ஒரு வாரம் ஏ ஷிஃப்ட், மறு வாரம் பி ஷிஃப்ட். ஏ என்றால் காலை ஆறிலிருந்து இரண்டு, பி என்றால் இரண்டிலிருந்து பத்து. ஒரே லைனில் பக்கத்துப் பக்கத்து மேசை எங்களுக்கு.

ஏ ஷிஃப்ட் வாரத்தில் கம்பெனி பஸ் ஐந்து பத்துக்கு வரும். ஷாகிராவை எழுப்புவது என் பொறுப்பு. தலைமாட்டில் டைம்பீஸ் வைத்திருப்பாள். அது அலறும்போது கண்ணைத் திறக்காமலே கையை நீட்டி அடக்கிவிட்டு, அடக்கியதே தெரியாமல் தூங்குவாள். மெதுவாகப் பெயர் சொல்லிக் கூப்பிட்டால் ஒன்றும் நடக்காது. நாலரைக்கு முதல் தடவை தோளைப் பிடித்து உலுக்குவேன். “அஞ்சே நிமிசம் மஞ்சு” என்பாள். ஐந்து நிமிடம் கழித்துப் போர்வையை உருவுவேன். ஓசூர்க் குளிரில் சுருண்டுகொள்வாளே தவிர எழமாட்டாள். மூன்றாவது தடவை இரண்டு கையையும் பிடித்து நிமிர்த்தி உட்கார வைத்து, பேஸ்ட் வைத்த பிரஷ்ஷைக் கையில் கொடுத்து, குழாயடி வரைக்கும் தள்ளிக்கொண்டு போவேன். கண்ணை மூடிக்கொண்டே பல் தேய்ப்பாள். பக்கத்து ரூம் தேனிப் பெண்கள் அதைப் பார்ப்பதற்கென்றே வாசலில் நிற்பார்கள்.

அந்தக் காலை நேரங்களை நினைத்தால் எனக்கு இன்னும் மூக்கில் அந்த வாசனை வருகிறது. சேறும் கோஸும் ரோஜாவும் கலந்த வாசனை. பாகலூர்ப் பக்கமிருந்து காய் வண்டிகளும் பூ வண்டிகளும் மஞ்சள் விளக்கு போட்டுக்கொண்டு பனியில் ஊர்ந்து வரும். மலைக்கோயில் விளக்கு மட்டும் அந்தரத்தில் தொங்குவது போலத் தெரியும். ரோட்டோரம் வரிசையாகக் கம்பெனி பஸ்கள், ஒவ்வொன்றின் முன்னாலும் ஸ்வெட்டரும் குல்லாயும் போட்ட கூட்டம். தமிழில் ஒருவன் டீ கேட்பான், கடைக்காரர் கன்னடத்தில் சர்க்கரை கேட்பார், இரண்டு பேரும் தெலுங்கில் சில்லறைக்குச் சண்டை போடுவார்கள். ஷாகிரா என் தோளில் தலையைச் சாய்த்துக்கொண்டு நின்றபடியே தூங்குவாள். நான் டீயை ஊதி ஊதிக் குடித்துக்கொண்டு அவளிடம் ஏதாவது பேசிக்கொண்டே இருப்பேன். அவள் ஒரு வார்த்தைகூடக் கேட்டிருக்க மாட்டாள்.

பி ஷிஃப்ட் வாரத்தில் எல்லாம் தலைகீழ். ராத்திரி எட்டு மணி ஆனால் எனக்கு ஒயர் இரண்டு இரண்டாகத் தெரியும். ஷாகிராவுக்கு அப்போதுதான் கை பறக்கும். தன் வேலையைச் செய்துகொண்டே நான் ஒயர் சொருகும் பலகை மேலும் ஒரு கண் வைத்திருப்பாள். ஒரு தடவை தூக்கக் கலக்கத்தில் சிவப்பு ஒயர் போக வேண்டிய துளையில் பழுப்பைச் சொருகிவிட்டேன். அப்படியே போயிருந்தால் தப்பை என் பெயரில் எழுதியிருப்பார்கள். செக்கிங் ஆள் எங்கள் பக்கம் திரும்புவதற்குள் அவள் கையை நீட்டி, உருவி, மாற்றிச் சொருகிவிட்டு, ஒன்றும் நடக்காதது போலத் தன் பலகைக்குத் திரும்பிவிட்டாள்.

பஸ்ஸில் வரும்போது, “காலைல நீ என்னப் பாத்துக்கற. ராத்திரி நான் உன்னப் பாத்துக்கறன். அவ்ளோதான்” என்றாள். 

ரூமுக்கு வந்த பிறகும் அவளுக்குத் தூக்கம் வராது. ரேடியோவில் பெங்களூர் எஃப்எம் கன்னடப் பாட்டைச் சின்னதாக வைத்துக்கொண்டு கடைக்கு வந்த லாரிக்காரர்களின் கதைகளைச் சொல்வாள். பஞ்சாபிலிருந்து நாய்க்குட்டியோடு வந்தவன், தினமும் ஒரே இடத்தில் உட்கார்ந்து அழுதுவிட்டுப் போனவன். எந்தக் கதையின் முடிவும் எனக்குத் தெரியாது. பாதியில் தூங்கிவிடுவேன். நான் தூங்கும்போது அவள் பேசினாள், அவள் தூங்கும்போது நான் பேசினேன். இரண்டு வருடம் அப்படியே போனது. அதற்கப்புறம் அப்படி ஒரு சிநேகிதி எனக்குக் கிடைக்கவில்லை.

3

இங்கே வந்த புதிதில் எங்கள் தங்கும் அனுமதிக்காக வெளிநாட்டவர் அலுவலகத்துக்குப் போக வேண்டியிருந்தது. போனில் நேரம் சொன்னார்கள். “ஹால்ப் அஹ்ட்.” ஹால்ப் என்றால் அரை, அஹ்ட் என்றால் எட்டு. இவ்வளவு ஜெர்மன் எனக்குத் தெரியும் என்ற பெருமையில் எட்டரை என்று காலண்டரில் எழுதிவைத்தேன்.

எதிலும் முன்னால் போய் நிற்கிறவள் நான். எட்டு மணிக்கே ஃபைலோடு போய்விட்டேன். முன்மேசையில் இருந்த பெண் கம்ப்யூட்டரைப் பார்த்தார், கடிகாரத்தைப் பார்த்தார். உங்கள் நேரம் ஏழரை என்றார். இவர்கள் எட்டை நோக்கிப் போகும் பாதி வழியை ‘அரை எட்டு’ என்கிறார்கள் என்பது அந்த மேசையின் முன்னால் நின்றுதான் எனக்குப் புரிந்தது.

நான் கெஞ்சினேன். பாதி இங்கிலீஷ், பாதி ஜெர்மன், நடுவில் என்னையறியாமல் “ப்ளீஸ்மா” என்றுகூடச் சொன்னேன். அவர் கோபப்படவில்லை. வருத்தமாகத்தான் தலையை ஆட்டினார். அடுத்தவர் உள்ளே போயாகிவிட்டது, இனி ஆறு வாரம் கழித்துத்தான் நேரம் இருக்கிறது. விசாவில் அதற்கு முன்பே நாள் முடிகிறது என்றேன். அதற்கு வேறு ஒரு தாள் தருவோம், அதற்கு வேறு ஒரு கடிதம் எழுத வேண்டும் என்றார்.

வெளியே வந்து படியில் நின்றேன். வாழ்க்கையில் முதல் தடவையாகத் தாமதமாகப் போய்த் திருப்பி அனுப்பப்பட்டிருக்கிறேன். அவமானம் என்றுகூடச் சொல்ல முடியாது. கதவு இருக்கிறது, உள்ளே வெளிச்சம் இருக்கிறது, மனிதர்கள் நடமாடுகிறார்கள், நமக்கு மட்டும் இடமில்லை. அப்போது ஓசூர் கம்பெனி கேட்டுக்கு வெளியே ஊதா ஸ்வெட்டரில் நின்ற ஷாகிரா ஞாபகத்துக்கு வந்தாள். பல வருடம் கழித்து அன்றுதான் அவளை முழுதாக நினைத்தேன். நினைத்தவுடன், நல்லவேளையாக பஸ் வந்துவிட்டது.

4

யாரிடமும் இதுவரை சொல்லாததை இங்கே எழுதுகிறேன். முருகேசனுக்கும் தெரியாது. இதைப் படித்துத்தான் தெரிந்துகொள்வார்.

ட்ரெய்னி இரண்டு வருடம் முடிந்தால் பெர்மனென்ட் ஆக்குவதற்கு ஒரு டெஸ்ட் வைப்பார்கள். அந்த வருடம் ஆள் குறைவாகத்தான் எடுக்கிறார்கள் என்று பேச்சு. எங்கள் சூப்பர்வைசர் சாப்பாட்டு நேரத்தில் என்னைத் தனியாகப் பார்த்தபோது சொன்னார்: “உங்க லைன்ல ஒருத்தருக்குத்தான்மா. ஷாகிரா கை வேகம். நீயும் நல்லாப் படிச்சிட்டு வா.” நல்லெண்ணத்தில் சொன்ன வார்த்தைதான். ஒருத்தருக்குத்தான் என்பது மட்டும் என்னோடு தங்கிவிட்டது. பெர்மனென்ட் ஆகாவிட்டால் ஊருக்கு வந்துவிடு, மாப்பிள்ளை பார்க்கலாம் என்று வீட்டில் சொல்லியிருந்தார்கள். ஓசூரை விட்டுப் போக எனக்கு மனமில்லை.

டெஸ்ட்டுக்கு முந்தின நாள் ஏ ஷிஃப்ட். சாயங்காலத்திலிருந்து ஷாகிரா எனக்கு வரைபடக் குறிகளைச் சொல்லிக் கொடுத்துக்கொண்டிருந்தாள். எந்தக் கோடு எதைக் காட்டுகிறது, எந்தப் புள்ளியில் ஒயர்கள் சேர்கின்றன, எதில் வெறுமனே தாண்டிப் போகின்றன. எனக்கு அது எப்போதும் குழப்பம். பத்து மணிக்கு என் கண் சொருகியது.

“நீ படு. நான் இன்னும் கொஞ்சம் பாக்கறன்” என்றாள். “நாலரைக்கு எழுப்பு. மறந்துடாத.”

“என்னிக்கி மறந்திருக்கன்?” என்றேன்.

நான் மறக்கவில்லை. நாலு மணிக்கே விழிப்பு வந்துவிட்டது. குளித்தேன், டீ போட்டேன், தலை வாரினேன். ஷாகிரா சுவர்ப்பக்கம் திரும்பிப் படுத்திருந்தாள். டைம்பீஸ் அலறியது, கை நீண்டது, அடங்கியது. நான் பக்கத்தில் போய் நின்றேன். “ஷாகி” என்று ஒரு தடவை கூப்பிட்டேன். கூப்பிட்டேன் என்று சொல்லிக்கொள்வதற்காகக் கூப்பிட்ட குரல் அது. அந்தக் குரலுக்கு அவள் எழமாட்டாள் என்பது உலகத்திலேயே எனக்குத்தான் நன்றாகத் தெரியும். பிறகு பையை எடுத்துக்கொண்டு வெளியே வந்துவிட்டேன்.

பஸ் நிறுத்தத்தில் அன்றைக்குத் தோள் லேசாக இருந்தது. டீக்கடைக்காரர், “இன்னொரு பொண்ணு எங்கம்மா?” என்று கேட்டார். “வரும்” என்றேன்.

டெஸ்ட் ஏழு மணிக்கு, முதல் மாடியில். ஏழு இருபதுக்கு கேட்டில் சத்தம் கேட்டுச் சன்னல் வழியாகப் பார்த்தேன். ஆட்டோவிலிருந்து இறங்கி ஷாகிரா செக்யூரிட்டியிடம் பேசிக்கொண்டிருந்தாள். ஊதா ஸ்வெட்டரைத் திருப்பிப் போட்டிருந்தாள். செக்யூரிட்டி கையை விரித்தார். “ஏழு மணிக்கு மேல விடக் கூடாதுன்னு ஆர்டர்மா.” அது எனக்குக் கேட்கவில்லை, பிறகு மற்றவர்கள் சொல்லித் தெரியும். நான் கேள்வித்தாளுக்குத் திரும்பினேன். மூன்றாவது கேள்வி வரைபடக் குறிகள். எல்லாவற்றையும் சரியாக எழுதினேன்.

அன்று ரூமுக்குப் போனபோது அவள் கட்டிலில் உட்கார்ந்திருந்தாள். நானே முந்திக்கொண்டேன். “கூப்ட்டன்டி. நீ ம்ம்னு சொன்ன. எழுந்துட்டன்னு நெனச்சிப் போயிட்டன்.”

என்னை ஒரு நிமிடம் பார்த்தாள். “அப்டியா” என்றாள்.

அவ்வளவுதான். சண்டை போட்டிருந்தால் நானும் பதிலுக்கு ஏதாவது கத்தியிருப்பேன். அவள் சண்டை போடவில்லை. அடுத்த வாரம் பி ஷிஃப்ட்டில் என் பலகை பக்கம் அவள் திரும்பவே இல்லை. ரேடியோவைக் காதில் ஒயர் மாட்டிக் கேட்டாள். எனக்கு பெர்மனென்ட் ஆர்டர் வந்த மாதத்திலேயே அவள் பெட்டியைக் கட்டினாள். வாசலில் நின்று “வரன்” என்று சொன்னாள். நான் “சரி” என்றேன்.

அந்த வேலையிலிருந்துதான் குவாலிட்டி பிரிவுக்குப் போனேன். குவாலிட்டி அனுபவத்தைக் காட்டித்தான் இங்கே வேலை கிடைத்தது. அபி படிக்கும் பள்ளிக்கூடம், இந்த வீடு, நாலரை மணிக்கு எரியும் இந்த விளக்கு, எல்லாம் அந்தக் காலையிலிருந்து வந்தவைதான்.

5

இரண்டு வாரத்துக்கு முந்தின திங்கட்கிழமைக்கு வருகிறேன். கம்பெனியில் ஒன்பது மணிக்கு வருவதாகச் சொல்லியிருந்தேன். வழக்கம்போல நாலரைக்கு எழுந்து காபியோடு சமையலறையில் உட்கார்ந்தேன். ஐந்தரைக்கு அபியின் போன் அலறியது. நின்றது. ஐந்து நாற்பது. ஐந்து ஐம்பது. அவள் அறையில் ஒரு சத்தமும் இல்லை.

எழுப்பக் கூடாது என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். அவளே கேட்டது, ஒரு தடவை பட்டால் தெரியும். எல்லாம் நியாயமாகத்தான் இருந்தது. அந்த நியாயங்களின் கூடவே ஒரு சின்ன திருப்தியும் உள்ளே இருந்தது. அதுதான் என்னைத் தூக்கிப்போட்டது. தூங்குகிற ஒருத்தி பக்கத்து அறையில் இருக்க, அவள் எழாமல் இருக்கட்டும் என்று காது கொடுத்து உட்கார்ந்திருப்பது எனக்கு முதல் தடவை இல்லை.

ஆறு மணிக்கு ஓடினேன். விளக்கைப் போடவில்லை, திட்டவும் இல்லை. கட்டிலில் உட்கார்ந்து அவள் இரண்டு கையையும் பிடித்து நிமிர்த்தி உட்கார வைத்தேன். “அபி, மணி ஆறு. ஓடிப்போனா புடிச்சிடலாம்.”

கண்ணைத் திறந்து கடிகாரத்தைப் பார்த்தாள். பிறகு நடந்ததெல்லாம் புயல். பல் தேய்த்தாளா என்று தெரியாது. சத்தம் கேட்டு எழுந்து வந்த முருகேசன், என்ன ஏது என்று கேட்காமல் பெட்டியைத் தூக்கிக்கொண்டு பனியனோடு முன்னால் ஓடினார். நான் ஷூவின் கயிறு கட்டாத அவளைத் தள்ளிக்கொண்டு பின்னால் ஓடினேன். பேருந்து உறுமிக்கொண்டிருந்தது. ஏறும்போது திரும்பி, “நீ எழுப்ப மாட்டேன்னு சொன்னே” என்றாள்.

“சொன்னேன்.”

“ஏன் எழுப்பினே?”

“வந்து சொல்றேன். போ.”

பேருந்து போன பிறகு முருகேசன் தன் பனியனைப் பார்த்துக்கொண்டு வீட்டுக்கு நடந்தார். நான் பள்ளிக்கூட மதிலோரம் நின்றேன். ஓசூரில் மணி பத்தேகால் இருக்கும். எங்கள் பழைய கம்பெனிப் பெண்களுக்கு வாட்சப்பில் ஒரு குழு இருக்கிறது. அதில் ஷாகிராவும் இருக்கிறாள். பாகலூர்ப் பக்கம் ஒரு ரோஜாத் தோட்டத்தில் பூ பேக்கிங் பார்க்கிறாள், ராத்திரி வேலை. எப்போதாவது பூக்கட்டுகளின் படம் போடுவாள். நான் ஒரு பூவோ கும்பிடோ போடுவேன். பதினெட்டு வருடத்தில் எங்களுக்குள் அவ்வளவுதான் பேச்சு.

கூப்பிட்டேன். வெகுநேரம் அடித்தது.

“யாரு?” தூக்கக் குரல்.

“ஷாகி, நான் மஞ்சு.”

“ரூம் மஞ்சுவா?”

“ஆமா.”

“இப்பத்தான்டி படுத்தன். என்னா ஆச்சி? யாருக்குனா உடம்பு சரியில்லயா?”

“இல்ல. நீ தூங்கு, நான் அப்பறம்...”

“எழுப்பினது எழுப்பிட்ட. சொல்லு.”

சொன்னேன். “டெஸ்ட் அன்னிக்கி நான் உன்ன எழுப்பல ஷாகி. கூப்ட்டன், நீ ம்ம்னு சொன்னன்னு சொன்னது பொய்.”

“தெரியும்” என்றாள்.

“எப்டி?”

“முழிச்சிக்கினுதான் இருந்தன். டெஸ்ட்டுன்னா எனக்கு மட்டும் தூக்கம் வருமா? நாலு மணில இருந்தே அர முழிப்பு. நீ பக்கத்துல வந்து நின்ன. மூச்சு உடற மாதிரி ஒருதடவ கூப்ட்ட. அப்பறம் செருப்பக் கையில எடுத்துக்கினு கதவத் தொறந்த. வெளிய போயித்தான் கால்ல மாட்ன.”

செருப்பைக் கையில் எடுத்துக்கொண்டதை நான் மறந்தே போயிருந்தேன். இத்தனை வருடம் அந்தக் காலையை நினைத்தபோதெல்லாம் அது மட்டும் என் ஞாபகத்தில் வந்ததில்லை.

“அப்ப ஏன்டி எழுந்து வரல?” என்றேன்.

“நீ திரும்பி வருவன்னு படுத்திருந்தன்.”

பள்ளிக்கூடத்துக்குப் பிள்ளைகள் வர ஆரம்பித்திருந்தார்கள். நான் சுவர்ப்பக்கம் திரும்பிக்கொண்டேன்.

“கொழாயடி தாண்டறதுக்குள்ள வந்துடுவன்னு நெனச்சன். அப்பறம் ரோட்டு வரைக்கும் போயிட்டு வந்துடுவன்னு நெனச்சன். பஸ் ஹாரன் கேட்டுச்சி. அப்பயும் ஏந்திரிக்கல. வீம்பு. அப்டியே கண்ணு அசந்துடுச்சி. முழிச்சா ஆறர.”

“தப்பு பண்ணிட்டன்டி.”

“ஆமா. பண்ணிட்ட” என்றாள். “எல்லாம் நல்லதுக்குத்தான்னு சொல்லுவன்னு பாக்காத. ரெண்டு வருசம் அலஞ்சன். அத்தா கடைக்கே திரும்பிப் போயி இட்லி ஊத்தினன். ஒவ்வொரு தட்டுக்கும் உன்னத் திட்டினன். அப்பறம் இந்தப் பூ வேல வந்துச்சி. இங்க என்ன யாரும் எழுப்பத் தேவயில்ல. எப்ப திட்றத நிறுத்தினன்னு தெரியல. எப்பயோ நிறுத்திட்டன்.”

பின்னால் ஏதோ பிரஷர் குக்கர் விசில் அடித்தது. யாரிடமோ சத்தம் போட வேண்டாம் என்றாள். பிறகு என்னிடம், “இப்ப என்னா திடீர்னு?” என்றாள்.

அபியைப் பற்றிச் சொன்னேன். சண்டை, சமையலறையில் உட்கார்ந்திருந்தது, ஆறு மணிக்கு ஓடியது எல்லாம்.

“புள்ள பஸ்ஸப் புடிச்சிதா?”

“புடிச்சிட்டா.”

“உன்ன மாதிரியா அது?”

“இல்ல. உன்ன மாதிரி. ராத்திரி முழுக்க முழிச்சிருக்கு.”

அவள் சிரித்தாள். தொண்டையில் ஆரம்பித்து மூக்கில் முடியும் அந்தச் சிரிப்பைப் பாதித் தூக்கத்தில் எத்தனை ராத்திரி கேட்டிருக்கிறேன். “அப்ப நல்ல புள்ள” என்றாள். பிறகு நீளமாகக் கொட்டாவி விட்டாள். “நான் தூங்கணும். சாயந்திரம் அஞ்சு மணிக்குக் கூப்புடு. உன்ன இன்னும் திட்ட வேண்டியிருக்குது.”

அங்கே ஐந்து மணி என்றால் எனக்கு மதியம் ஒன்றரை, வேலையின் நடுவே. மேற்பார்வையாளரிடம் போய் ஊருக்குப் பேச வேண்டும், பத்து நிமிடம் வேண்டும் என்று கேட்டேன். நான் இதுவரை அப்படிக் கேட்டதில்லை என்பதால் ஏதோ துக்கச் செய்தி என்று நினைத்துக்கொண்டு உடனே அனுப்பிவிட்டார். கம்பெனிக்கு வெளியே சைக்கிள்கள் நிறுத்தும் இடத்தில் வெயில் நன்றாக இருந்தது. அங்கே நின்று கூப்பிட்டேன். முதல் மணியிலேயே எடுத்தாள்.

“ம், இப்பக் கேளு” என்று ஆரம்பித்தாள்.